ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. வெள்ளத்தோடு போகப் போகிற பொருளை எதற்காக அளக்க வேண்டும் என்று சிறு வயதில் நான் வியந்ததுண்டு. விளம்பரத்துக்குப் பணம் கட்டிப் பார்த்த பிறகுதான் அதன் பொருள் எனக்கு முழுமையாக விளங்கிற்று. விளம்பரமும் ஓர் ஆறுதான். அதில் போட்ட பணம் கண்ணெதிரே ஓடி மறைகிறது. அளந்து போட்டவனுக்கு எவ்வளவு போயிற்று, எந்தத் துறையில் போயிற்று, கரையில் என்ன ஒதுங்கிற்று என்பதாவது தெரியும். அளக்காதவனுக்கு அதுவும் தெரியாது.

பிறர் பொருளை நாம் விற்றுக் கொடுத்து, விற்ற ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு தரகு பெறுவதை இணையத்தில் 'அஃபிலியேட் மார்க்கெட்டிங்' என்கிறார்கள். பெயர் புதிது, தொழில் பழையது. நெல் தரகும் மாட்டுத் தரகும் அறியாத ஊர் நம்மிடையே உண்டோ? 1996இல் அமேசான் நிறுவனம் புத்தக விற்பனைக்காகத் தொடங்கிய தரகுத் திட்டம் இதை உலகெங்கும் பரப்பிற்று. தரகரிடம் ஓர் இணைப்பைக் கொடுப்பார்கள். அந்த இணைப்பைத் தொட்டு உள்ளே சென்றவர் பொருள் வாங்கினால் தரகருக்குப் பங்கு உண்டு. நண்பர்களுக்கு இணைப்பை அனுப்பி விற்பது ஒரு வழி. முகநூலிலோ கூகுளிலோ பணம் கட்டி விளம்பரம் செய்து, முகம் தெரியாதவர்களிடம் விற்பது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வழியில் எந்த விளம்பரத்தைத் தேர்ந்தெடுப்பது, அதை எப்படிச் சோதிப்பது என்பதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

நாம் வாழும் இந்த வட்டாரம் அதற்கு ஏற்ற களம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? இராமானுசர் அவதரித்த தலம் என்று பெயர் பெற்றிருந்த ஸ்ரீபெரும்புதூர், இன்று சிப்காட் என்ற சொல்லோடு சேர்த்தே பேசப்படுகிறது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவந்தது. 2006இல் நோக்கியா கைப்பேசி ஆலை தொடங்கி, 2014 நவம்பரில் நின்றது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. இவற்றைச் சுற்றிப் பல நூறு உதிரிபாகத் தொழிற்கூடங்கள்; அவற்றைச் சுற்றி விடுதிகள், வாடகை அறைகள், மெஸ்கள். தமிழகத்தின் மூலை முடுக்குகளிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்த இளைஞரும் இளம்பெண்களும் இங்கே நிறைந்திருக்கிறார்கள். ஷிப்டு முடிந்து கம்பெனிப் பேருந்தில் ஏறியதும் அவர்கள் கை முதலில் தேடுவது செல்பேசியைத்தான். விளம்பரக்காரர் அவர்களை அங்கேதான் சந்திக்கிறார்.

விளம்பரச் சோதனையின் முதல் பாடத்தை நான் கணினியிடம் கற்கவில்லை. சுங்குவார்சத்திரத்தில் அறை பிடித்துக் கொடுக்கும் என் தாய்மாமனிடம் கற்றேன். அறைக்கு ஆள் சேர்த்தால் அரை மாத வாடகை அவருக்குத் தரகு. பேருந்து நிறுத்தத் தேநீர்க் கடைச் சுவரில் ஒட்டும் நோட்டீசில் தம் எண்ணையும், ஒரகடம் கூட்டுரோட்டில் ஒட்டும் நோட்டீசில் அத்தையின் எண்ணையும் போடுவார். எந்த எண்ணுக்கு அழைப்பு வருகிறதோ அந்தச் சுவர் வேலை செய்கிறது என்று பொருள்.

"ரெண்டு சுவர்ல எதுக்கு மாமா போன் அதிகம் வருது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"போன் எத்தனை வந்துச்சுன்னு கேக்காதே மாப்ளே. சாவி எத்தனை போச்சுன்னு கேளு" என்றார்.

நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் கிளாட் ஹாப்கின்ஸ் என்ற விளம்பர வல்லுநர் செய்ததும் இதே வேலைதான். பத்திரிகை விளம்பரத்தில் வெட்டி அனுப்பும் சீட்டு ஒன்றை அச்சிட்டு, ஒவ்வொரு விளம்பரத்தின் சீட்டிலும் வெவ்வேறு அடையாளம் இட்டு, எந்த விளம்பரம் எத்தனை சீட்டுகளைக் கொண்டுவந்தது என்று எண்ணும் முறையை அவர் வலியுறுத்தினார். 1923இல் அவர் எழுதிய 'சயின்டிஃபிக் அட்வர்டைசிங்' என்ற நூல் இன்றும் அத்துறையினரால் படிக்கப்படுகிறது. என் மாமா அந்நூலைக் கண்டதில்லை. ஆனால் சாவிக் கணக்கு அவருக்குத் தெரியும்.

சென்ற ஆண்டு ஐப்பசிக்கு முன் நானும் ஒரு சோதனையில் இறங்கினேன். விடுமுறை நாட்களில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் 3,000 ரூபாயை இதற்கென்று ஒதுக்கினேன். அது முழுவதும் போனாலும் கல்லூரிக் கட்டணத்துக்கோ பேருந்துச் செலவுக்கோ கை வைக்க வேண்டியிராது. அதற்கு மேல் ஒரு ரூபாயும் போடுவதில்லை என்பதை முதல் நாளே குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். சோதனையின் எல்லையைச் சோதனைக்கு முன்னரே வகுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் வகுக்கப் புகுந்தால் ஆசையே எல்லையை வகுக்கும்.

பொருளாக மழைக்கோட்டைத் தேர்ந்தெடுத்தேன். வடகிழக்குப் பருவமழையில் இருசக்கர வண்டியில் ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு அது தேவை. விலை 800 ரூபாய். தரகு எட்டு விழுக்காடு. ஆக ஒரு கோட்டுக்கு 64 ரூபாய். விளம்பரத்தை ஒருவர் தொட்டால், அதாவது ஒரு கிளிக்குக்கு, ஏறத்தாழ இரண்டு ரூபாய் ஆகும் என்று கொண்டேன். அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்தால் 2 ரூபாய் 36 காசு. 64ஐ 2.36ஆல் வகுத்தால் 27 வருகிறது. அதாவது, தொடுகிற 27 பேரில் ஒருவர் வாங்கினால் போட்ட காசு தேறும். 28 பேரில் ஒருவர் என்றால் நட்டம். ஒரு பைசா செலவழிக்கும் முன்னரே தாளில் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது. வள்ளுவர் 'தெரிந்து செயல்வகை' என்று ஓர் அதிகாரமே வகுத்து, அழிவது எவ்வளவு, ஆவது எவ்வளவு, முடிவில் கிடைக்கும் ஊதியம் எவ்வளவு என்று எண்ணிச் செய்யுமாறு கூறியது இதைத்தான் போலும்.

ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி 15 கிலோமீட்டர், வயது 20 முதல் 35, மொழி தமிழ். இவர்களுக்கு இரண்டு விளம்பரங்கள் காட்டப்பட்டன. படம் ஒன்றே, நாட்கள் ஒன்றே, செலவும் ஒன்றே. வேறுபாடு ஒன்றே ஒன்றுதான்: முதல் விளம்பரத்தில் விலை இல்லை, இரண்டாவதில் விலை உண்டு. ஒரே சமயத்தில் படத்தையும் சொல்லையும் ஆட்களையும் மாற்றிவிட்டால் எதனால் எது விளைந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. வயலில் உரத்தையும் விதையையும் ஒருசேர மாற்றிவிட்டு, விளைச்சல் உயர்ந்தது உரத்தாலா விதையாலா என்று கேட்பது போன்றது அது. இரண்டு விளம்பரங்களின் இணைப்பும் நான் அமைத்த ஒரு பக்கத்துக்கே சென்றது. 'இதன் வழியாக வாங்கினால் எனக்குத் தரகு கிடைக்கும்' என்ற வரியை அப்பக்கத்தின் தலைப்பிலேயே போட்டேன். விளம்பரம் செய்பவருக்கும் விற்பவருக்கும் உள்ள இத்தகைய தொடர்பை மறைக்கக் கூடாது என்பது 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின் கருத்து.

முடிவைச் சொல்கிறேன். ஒவ்வொன்றுக்கும் வரி உட்பட 590 ரூபாய் செலவு. விலை இல்லாத விளம்பரத்தை 310 பேர் தொட்டார்கள், நால்வர் வாங்கினார்கள். விலை சொன்ன விளம்பரத்தை 200 பேரே தொட்டார்கள். ஆனால் எழுவர் வாங்கினார்கள். கிளிக்கை மட்டும் எண்ணியிருந்தால் முதல் விளம்பரமே வென்றதாகத் தோன்றியிருக்கும். 'போனை எண்ணாதே, சாவியை எண்ணு' என்ற மாமாவின் வாக்கு இங்கே பொருந்தியது.

ஆயினும் 7 பெரிது, 4 சிறிது என்று உடனே தீர்ப்பு எழுதிவிடலாமா? புள்ளியியல் பயிலும் நண்பர்கள் சிரிப்பார்கள். ஒரு நாணயத்தை 11 முறை சுண்டிப் பாருங்கள். 7–4 என்றோ, அதைவிட ஏற்றத்தாழ்வாகவோ விழுவது பாதித் தடவைக்கு மேல் நடக்கும். ஆகவே அந்த 7க்கும் 4க்கும் இடையே உள்ள வேறுபாடு வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். சிறிய எண்ணிக்கையை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கு விடை கண்டவர் டப்ளின் நகரில் கின்னஸ் மதுபான ஆலையில் பணிபுரிந்த கோசெட் என்பவர். 1908இல் தம் கட்டுரையை அவர் 'ஸ்டூடண்ட்', அதாவது மாணவன், என்ற புனைபெயரில் வெளியிட்டார். மாணவராகிய நமக்கு அந்தப் பெயரே ஓர் எச்சரிக்கை அன்றோ!

எது உறுதி என்றால், இரண்டும் நட்டம் என்பதுதான். 1,180 ரூபாய் போட்டதில் 704 ரூபாய் வந்தது. 476 ரூபாய் போயிற்று. இது சோதனைக்கென்றே ஒதுக்கிய பணம், ஆதலால் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இந்தக் கணக்கு எனக்கு ஒன்றைக் காட்டியது. 800 ரூபாய்ப் பொருளின் சிறு தரகு, விளம்பரச் செலவைத் தாங்காது. தாங்க வேண்டுமானால் பெரிய தரகு வேண்டும். பெரிய தரகு தருபவர் யார்?

தரகு நிறுவனங்களின் பட்டியலைப் புரட்டினேன். மழைக்கோட்டுக்கு 64 ரூபாய் என்றால், ஒரு கடன் செயலியைப் பதிவிறக்கிக் கடன் வாங்கும் ஒவ்வொருவருக்கும் 250 ரூபாய் என்றிருந்தது. 250ஐ 2.36ஆல் வகுத்தால் 105. நூற்றைந்து பேரில் ஒருவர் சிக்கினால் போதும். போட்ட காசு தேறிவிடும். 27 எங்கே, 105 எங்கே! நம் செல்பேசியில் மழைக்கோட்டைவிடக் கடன் விளம்பரம் ஏன் மிகுதியாக வருகிறது என்பதற்கு விடை இந்த ஒரு வகுத்தல் கணக்கில் இருக்கிறது. யாரும் கூடிச் சதி செய்யவில்லை. விளம்பரத்தின் விலை உயர உயர, அதைத் தாங்கக்கூடிய பொருளே மேடையில் நிற்கிறது; தாங்காத பொருள் இறங்கிவிடுகிறது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் நெடுநாள் அந்த மேடையில் நின்றதற்கும் இதுவே காரணம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அவற்றின் விளம்பரத்தையும் சேர்த்தே தடை செய்தது.

இங்கே என் அக்காளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் ஒரு மின்னணு உதிரிபாக ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி; விடுதியில் எட்டுப் பேர் தங்கும் அறையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள், நான் குறிப்பேட்டில் கணக்கு எழுதுவதைப் பார்த்து என்னவென்று கேட்டாள். கடன் செயலியின் தரகைச் சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசவில்லை.

"எங்க ரூம்ல ஒரு பொண்ணு அப்படித்தான் தம்பி வாங்கிச்சு. தேதி இருபதாச்சு, கையில காசில்ல, ஊர்ல அவங்க அம்மாவுக்கு முடியல. போன்ல விளம்பரம் வந்துச்சு, அமுக்கிட்டா. அஞ்சாயிரம்னு போட்டு மூவாயிரத்து ஐந்நூறுதான் வந்துச்சு. ஏழு நாள்ல அஞ்சாயிரம் கட்டணும். கட்ட முடியலன்னதும் அவ போன்ல இருக்கற எல்லாருக்கும் போன் போட்டுக் கேவலமாப் பேசுறாங்க. சூப்பர்வைசருக்குக்கூடப் போன் போச்சு. அவ ராத்திரியெல்லாம் தூங்குறதில்ல."

3,500 ரூபாய்க்கு ஏழு நாளில் 1,500 ரூபாய் வட்டி என்றால் வாரத்துக்கு ஏறத்தாழ 43 விழுக்காடு. கந்துவட்டிக்காரனும் நாணும் கணக்கு இது. கடனுக்கான முழுச் செலவையும் ஆண்டு விழுக்காடாக முன்கூட்டியே சொல்ல வேண்டும், செல்பேசியில் உள்ள தொடர்புப் பட்டியலை எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே விதி வகுத்திருக்கிறது. விதிக்கு உட்படாத செயலிகளும் செல்பேசிக்குள் நுழைந்துவிடுகின்றன என்பதே கொடுமை.

என்னை உறுத்தியது வேறொன்று. ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி 15 கிலோமீட்டர்; வயது 20 முதல் 35; மொழி தமிழ். மழைக்கோட்டுக்கு நான் குறித்த வட்டத்துக்குள்தான் அந்தப் பெண்ணும் இருக்கிறாள். அவளுக்கு அந்தக் கடன் விளம்பரத்தைக் காட்டியவரும் ஏறத்தாழ இப்படித்தான் ஒரு வட்டம் போட்டிருப்பார். இரண்டு விளம்பரங்களைச் சோதித்து, வென்றதற்குப் பணத்தைக் கூட்டியிருப்பார். அவர் கணக்கேட்டில் அந்தப் பெண் ஒரு வெற்றி: 250 ரூபாய் வரவு. அவள் உறங்காத இரவுகளுக்கு அந்த ஏட்டில் பத்தி இல்லை.

அந்தக் கடன் விளம்பரத்தை நான் சோதிக்கவில்லை. சோதித்திருந்தால் இலாபம் வந்திருக்கக்கூடும். இலாபம் வரும் என்ற அந்த வாய்ப்புதான் அதைத் தொடாதிருக்கக் காரணம். சோதனை என்பது இரண்டில் எது நன்றாக ஓடும் என்று சொல்லும் கருவி. ஓட விடலாமா என்ற கேள்விக்கு அது விடை சொல்லாது. அந்த விடையோடுதான் நாம் சோதனைக்கே வர வேண்டும். கடன் வேண்டியவர்கள் இருக்கிறார்கள், முறையாகக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. யார் முறையானவர் என்று ஆராய்ந்து அறியாமல், 250 ரூபாய்க்காக என் அக்காளின் அறைக்குள் ஒரு விளம்பரத்தை அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை.

மீதி 1,820 ரூபாய் இருந்தது. மாமாவிடம் போனேன். "செல்பேசி விளம்பரத்தில் உங்கள் அறைகளுக்கு ஆள் சேர்க்கிறேன், சாவி போனால் எனக்கு என்ன தருவீர்கள்?" என்று கேட்டேன். சாவிக்கு 500 ரூபாய் என்றார். இதுவும் தரகுதான், பொருள் மட்டும் நான் நேரில் கண்டறிந்தது. இரண்டு விளம்பரங்கள் செய்தேன். ஒவ்வொன்றுக்கும் வரி உட்பட 295 ரூபாய். ஒன்றில் அறையின் படமும் வாடகையும் மாமாவின் எண்ணும் மட்டும் இருந்தன. மற்றொன்றில் அவற்றோடு, 'மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை. குடிநீர் கேன் தனியாக வாங்க வேண்டும். பைக் நிறுத்த இடமில்லை' என்ற குறைகளையும் எழுதி, அத்தையின் எண்ணைக் கொடுத்தேன்.

"கொறைய எழுதினா எவன்டா வருவான்?" என்று மாமா கடிந்துகொண்டார்.

குறை சொல்லாத விளம்பரத்துக்கு 19 அழைப்புகள்; எட்டுப் பேர் பார்க்க வந்தார்கள்; ஒருவர் சாவி வாங்கினார். குறை சொன்ன விளம்பரத்துக்கு ஒன்பது அழைப்புகளே, ஐவர் வந்தார்கள், இருவர் சாவி வாங்கினார்கள். இரண்டும் ஒன்றும் மிகச் சிறிய எண்கள். இவற்றைக் கொண்டு உண்மையே வெல்லும் என்று நான் முழங்கப் போவதில்லை. நாணயத்தைச் சுண்டிய கதைதான் இதுவும். கைக்கு வந்தது 1,500, செலவு 590. மழைக்கோட்டில் போன 476 ரூபாயைக் கழித்தாலும் 434 ரூபாய் மிச்சம். ஒதுக்கிய பணத்தில் 1,230 ரூபாய் தொடாமலே இருந்தது.

ஆனால் இம்முறை என் குறிப்பேட்டில் ஒரு பத்தி கூடுதலாகப் போட்டிருந்தேன்: வீணாக வந்து திரும்பியவர்கள். குறை சொல்லாத விளம்பரம் ஏழு பேரை வீணாக அலைக்கழித்தது. குறை சொன்ன விளம்பரம் மூவரை. அந்த எழுவரில் இருவர் இரவு ஷிப்டு முடித்து, உறங்க வேண்டிய நேரத்தில், பைக்கில் ஒரகடத்திலிருந்து வந்தவர்கள். மாடிப்படியை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவர்களுக்குப் போன பெட்ரோலும் உறக்கமும் எனக்குச் செலவாகவில்லை. ஆகையால்தான் எந்த விளம்பர நிறுவனத்தின் கணக்கும் அதைக் காட்டுவதில்லை. நாமாக எழுதினால்தான் உண்டு. அந்தப் பத்தியைக் காட்டியபின் மாமா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் தேநீர்க் கடைச் சுவரில் ஒட்டிய நோட்டீசில் 'மூன்றாம் மாடி' என்று சேர்த்திருந்தார்.

நண்பர்களே! நம்மில் பலர் பட்டம் பெற்றபின் விற்பனையிலும் விளம்பரத்திலும் இறங்கக்கூடும். இணையத் தரகில் இலட்சம் இலட்சமாக அள்ளலாம் என்று பயிற்சி வகுப்புக்கு அழைக்கும் விளம்பரங்களையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். இறங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. இழக்கத் தகுந்த தொகையை முதலில் ஒதுக்குங்கள். ஒரு விற்பனைக்கு எத்தனை கிளிக் தாங்கும் என்று தாளில் வகுத்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சிறிய எண்களைக் கண்டு மயங்காதீர்கள். போனை எண்ணாமல் சாவியை எண்ணுங்கள். இவ்வளவும் திறமை. இவற்றோடு, நம் விளம்பரத்தைத் தொட்டவருக்கு என்ன ஆயிற்று என்ற பத்தியையும் குறிப்பேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாம் வட்டம் போடுகிற 15 கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் புள்ளிகள் அல்லர். நம்மோடு ஒரே பேருந்தில் நின்றுகொண்டு வருபவர்கள்.